உடுப்பதும் களைவதும்: அரங்கில் திரௌபதி

பெண்ணுடல் மீதான வன்முறையைப் பேச வரும் நாடகம் தொடக்கத்திலேயே ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. வன்முறையைக் காட்டாமல் விட்டால் அதன் கொடுமை பார்ப்பவருக்குப் போய்ச் சேராதோ என்ற பயம். காட்டினாலோ, ஊரார் முன் இன்னொரு முறை ஒரு பெண்ணை இழுத்து வந்து நிறுத்திய கதையாகிவிடும். நம் சினிமா இதை ஒரு சிக்கலாகவே நினைத்ததில்லை. ‘கற்பழிப்புக் காட்சி’ என்று பெயரிட்டு, அதற்கென்று இசையும் கேமரா கோணமும் வைத்துப் பல பத்தாண்டுகள் விற்றது. மேடையில் அவ்வளவு எளிதாகத் தப்பிக்க முடியாது. அங்கே இருப்பவள் நமக்குப் பத்தடி தூரத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் நடிகை. அவளை நாம் பார்ப்பது அவளுக்கும் தெரியும்.

ஆகவே இவ்வகை நாடகங்களைப் பார்க்கும்போது, படிக்கும்போது, நாமே போடும்போது இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். இந்தக் காட்சியில் யார் யாரைப் பார்க்கிறார்கள்? உடல் பற்றிய முடிவை எடுப்பது யார்? மணிப்பூரில் மேடையேறிய ஒரு திரௌபதியை முன்வைத்து இக்கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறது இக்கட்டுரை. அதற்கு முன், நமக்குப் பழக்கமான திரௌபதியிடமிருந்து தொடங்குவது நல்லது.

வட தமிழக ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழாவை ஒட்டி இரவு முழுக்க நடக்கும் கூத்தில் ‘துகிலுரிதல்’ ஒரு முக்கியமான இரவு. துச்சாதனன் கூந்தலைப் பிடித்து இழுத்து வருவான், சேலையை உருவுவான், கண்ணன் அருளால் சேலை வளர்ந்துகொண்டே போகும். அவ்விடத்தில் கற்பூரம் ஏற்றுவதும், துச்சாதன வேடம் கட்டியவர் அம்மனிடம் பொறுத்தருள வேண்டுவதும் பல ஊர்களில் உண்டு. செய்யப்போவது பெரும் பாவம் என்ற உணர்வு கூத்தாடிக்கும் இருக்கிறது, ஊருக்கும் இருக்கிறது. அந்தக் கூச்சம் மதிக்கத்தக்கது. ஆனாலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். மரபாகத் திரௌபதி வேடம் கட்டுபவர் ஆண். பெண்ணின் அவமானத்தைப் பற்றிய அந்த நீண்ட இரவில் மேடையில் பெண்ணே இல்லை. அடுத்தது, அவளைக் காப்பது அவள் முடிவு இல்லை, தெய்வத்தின் அருள். அவள் கைகளை மேலே தூக்கிய பிறகுதான் சேலை வளர்கிறது.

அதே கதைக்குள் அவளுடைய முடிவும் ஒன்று உண்டு. அது கூந்தல். பகை முடியும்வரை முடிய மாட்டேன் என்று அவிழ்த்துப் போட்ட கூந்தலோடு அவள் நடக்கிறாள். திருவிழாவின் கடைசியில் படுகளத்தில் மண்ணால் செய்து கிடத்திய துரியோதனன் உருவத்தின் மேல் நின்று முடிகிறாள். சேலை அவள் கையில் இல்லாதபோதும் கூந்தலைத் தன் கையில் வைத்துக்கொண்ட பெண் அவள். தன் உடம்பின் ஒரு பகுதியை ஊரறிய அரசியல் அறிவிப்பாக்கிய அவளைத்தான் நம் கிராமங்கள் சாமியாகக் கும்பிடுகின்றன. காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் இயங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் பெண் பிள்ளைகளுக்கும் கூத்துப் பயிற்சி தந்தது. அப்படிப் பயின்ற ஒரு பெண் திரௌபதி வேடம் கட்டும்போது துகிலுரிதல் இரவின் பொருள் மாறித்தான் ஆகும். சேலையைப் பிடித்திழுக்கும் கைக்கு எதிரே இருப்பது அப்போது வேடம் மட்டுமாக இருக்காது.

மகாசுவேதா தேவி கண்ணனை எடுத்துவிட்டு இந்தக் கதையைத் திரும்ப எழுதினார். 1978-ல் வந்த ‘அக்னிகர்பா’ தொகுப்பில் உள்ள ‘திரௌபதி’ சிறுகதையின் நாயகி சந்தால் பழங்குடிப் பெண். நக்சல்பாரிக் காலத்து வங்கத்தில் தலைமறைவாக இருக்கும் கூலிக்காரி. திரௌபதி என்ற பெயர் அவள் வீட்டில் வைத்ததுகூட இல்லை, எசமானியம்மா வைத்தது. அவள் நாக்கிலும் அவள் மக்கள் நாக்கிலும் அது ‘தோப்தி’ ஆகிவிடுகிறது. காட்டில் அவளைப் பிடித்து வருகிறார்கள். இராணுவ அதிகாரி சேனாநாயக்கின் உத்தரவில் இரவு முழுக்கப் பலர் அவளை வல்லுறவு செய்கிறார்கள். காலையில் அதிகாரி முன் நிறுத்துவதற்காகத் துணியைக் கொடுத்து உடுத்தச் சொல்லும்போது அவள் மறுக்கிறாள். காயங்களோடும் இரத்தத்தோடும் வெட்ட வெளிச்சத்தில் அவனை நோக்கி நடந்து போகிறாள். ஆயுதம் ஏதுமில்லாத ஒருத்தி முன் நிற்க அவன் வாழ்வில் முதன்முறையாகப் பயப்படுகிறான்.

இக்கதை வெளியான காலத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். மகாராஷ்டிராவில் காவல் நிலையத்துக்குள் வைத்து மதுரா என்ற பழங்குடிச் சிறுமியை வல்லுறவு செய்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு காவலர்களையும் விடுதலை செய்தது அதே ஆண்டுகளில்தான். உடம்பில் காயங்கள் இல்லை, ஆகவே அவள் இணங்கியிருக்கிறாள் என்ற தர்க்கம் அத்தீர்ப்பில் இருந்தது. 1979-ல் நான்கு சட்டப் பேராசிரியர்கள் அதைக் கண்டித்துத் திறந்த மடல் எழுதினார்கள். நாடெங்கும் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 1983-ல் சட்டம் திருத்தப்பட்டது. பழங்குடிப் பெண்ணின் உடம்பில் சாட்சியம் தேடிய நீதிமன்றத்தையும், காயங்களைத் தானே அதிகாரியின் முகத்துக்கு முன் கொண்டுபோய் நிறுத்திய தோப்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதையின் கோபம் எங்கிருந்து வருகிறது என்று விளங்கும்.

இந்தக் கதையை 2000-ஆம் ஆண்டு இம்பாலில் நாடகமாக்கியவர் ஹெய்ஸ்னாம் கன்ஹைலால். 1969-ல் அவர் தொடங்கிய ‘கலாக்ஷேத்ர மணிப்பூர்’ குழுவின் நாடகம் அது. தோப்தியாக நடித்தவர் அவருடைய வாழ்க்கைத் துணையும் குழுவின் மைய நடிகையுமான சாவித்ரி. அப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. இறுதிக் காட்சியில் அவர் மேடையில் ஆடைகளைக் களைந்து அதிகாரியின் முன் நின்றார். இம்பாலில் கடும் எதிர்ப்பு எழுந்தது. இந்தியாவின் மற்ற இடங்களில் ஒருபக்கம் வியப்பு, ஒருபக்கம் முகச்சுளிப்பு. ஆதரித்தவர்கள் எதிர்த்தவர்கள் இருவருமே பெரும்பாலும் ஒன்றைப் பற்றித்தான் பேசினார்கள்: நிர்வாணம்.

அந்த ஒன்றைப் பற்றி மட்டும் பேசுவது சாவித்ரிக்குச் செய்யும் அநீதி. அவர் சிறு வயதிலேயே மேடையேறியவர். வசனத்தைக் குறைத்து, மூச்சு, குரல், தசை, நடை ஆகியவற்றால் கதை சொல்லும் அரங்கைக் கன்ஹைலாலோடு சேர்ந்து உருவாக்கியவர். 1975-ல் அக்குழு போட்ட ‘பெபெத்’ நாடகத்தில் அவர் தாய்ப்பறவை. மணிப்பூரின் பாட்டிக்கதை அது. சாமியார் வேடம் போட்ட பூனை குஞ்சுகளைத் தின்னக் காத்திருக்கிறது. தாய்ப்பறவை பூனையைப் புகழ்ந்து, பணிந்து, ஏமாற்றிக் காலத்தைக் கடத்திக் குஞ்சுகளைக் காப்பாற்றுகிறது. எளியவர்கள் அதிகாரத்தோடு வாழக் கற்றுக்கொண்ட தந்திரம் அது. நம் வீட்டுப் பெண்களுக்கு அந்தத் தந்திரம் யாரும் சொல்லிக்கொடுத்துத் தெரிய வேண்டியதில்லை.

இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதே நடிகையின் உடல் அந்தத் தந்திரத்தைக் கைவிடுகிறது. தோப்தி புகழவில்லை, பணியவில்லை, காலம் கடத்தவில்லை. காப்பாற்றிக்கொள்ள இனி எதுவும் இல்லை என்ற இடத்தில் நிற்பவளுக்குத் தந்திரம் தேவையில்லை. தாய்ப்பறவையையும் தோப்தியையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் சாவித்ரி மேடையில் செய்தது திடீர்த் துணிச்சல் இல்லை என்று புரிகிறது. ஒரு வாழ்நாள் பயிற்சி தானாக வந்து சேர்ந்த இடம் அது. அவருடைய வயதும் முக்கியம். ஆண் பார்வை ‘பார்க்கத் தகுந்தது’ என்று கணக்கெடுக்கும் பட்டியலில் ஐம்பது கடந்த பெண்ணின் உடல் இல்லை. பார்வையாளன் வழக்கமாக எதிர்பார்க்கும் எதையும் அது தருவதில்லை. எனவே அவன் தன் பார்வையையே பார்க்க வேண்டியதாகிறது. முதல் கேள்விக்கு இந்நாடகம் தரும் விடை இது: மேடையில் பார்க்கப்படுபவன் சேனாநாயக். அவனுக்குப் பின்னால் நாம்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2004 ஜூலையில், தங்ஜம் மனோரமா என்ற இளம்பெண்ணை அசாம் ரைஃபிள்ஸ் படையினர் இரவில் வீட்டிலிருந்து பிடித்துச் சென்றார்கள். மறுநாள் அவர் உடல் குண்டு துளைத்த நிலையில் வயல்வெளியில் கிடைத்தது. ஜூலை 15 அன்று, அப்போது அப்படையின் முகாமாக இருந்த கங்லா கோட்டையின் வாசலில் பன்னிரண்டு பெண்கள் ஆடை களைந்து நின்றார்கள். வந்து எங்களையும் வல்லுறவு செய்யுங்கள் என்று இராணுவத்தைப் பார்த்துச் சொல்லும் துணிப்பதாகை அவர்கள் கையில் இருந்தது. மணிப்பூரில் அவர்களை ‘இமா’ என்பார்கள். அம்மா என்று பொருள். 1904-லும் 1939-லும் காலனி ஆட்சியை எதிர்த்து ‘நூபி லான்’ என்னும் பெண்கள் போர் நடத்திய மரபும், இரவில் தீப்பந்தம் ஏந்தித் தெருக்காவல் நிற்கும் ‘மெய்ரா பைபி’ மரபும் அவர்களுக்குப் பின்னால் இருந்தன.

அன்று முதல் நாடகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பலர், வரப்போவதை அரங்கு முன்கூட்டியே சொல்லிவிட்டது என்று எழுதிவருகிறார்கள். கலைக்கு இது பெருமை சேர்ப்பதுபோல் தெரியலாம். அந்தப் பன்னிரண்டு பேரிடமிருந்து இது எதைப் பறிக்கிறது என்று யோசிக்க வேண்டும். கங்லா வாசலில் நின்றவர்கள் யாருடைய பாத்திரத்தையும் நடிக்கவில்லை. வீடு, கணவன், பிள்ளைகள், ஊர்ப்பேச்சு எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத் தாங்களே எடுத்த முடிவு அது. மேடையில் சாவித்ரியைச் சுற்றி ஒரு நாடகத்தின் எல்லை இருந்தது. விளக்கு அணையும், துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். கங்லாவில் விளக்கு அணையவில்லை. எதிரே துப்பாக்கிகள் இருந்தன. ஒரு நாடகம் ஒரு போராட்டத்துக்குப் பக்கத்தில் நிற்கலாம், அதற்கு மொழி தரலாம். அதன் தாயாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளக் கூடாது.

விலையையும் சொல்லியாக வேண்டும். அந்தப் போராட்டத்துக்குப் பின் இம்பால் நகராட்சிப் பகுதியில் ஆயுதப் படைகள் சிறப்பு அதிகாரச் சட்டம் விலக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பரில் கங்லா கோட்டை மாநில அரசிடம் திரும்பி வந்தது. 2014-ல் மனோரமா குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வழங்க உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அவரைக் கொன்றவர்கள் தண்டிக்கப்படவில்லை. பெண் தன் உடையைக் கழற்றினால்தான் அரசு காது கொடுக்கும் என்றால் அது அரசின் மேல் உள்ள குற்றச்சாட்டு. அதைப் பெண்ணின் ‘கடைசி ஆயுதம்’ என்று பாராட்டிக்கொண்டே இருப்பது, அடுத்த முறையும் அவளிடமிருந்து அதையே எதிர்பார்ப்பதில் போய் முடியும்.

இதற்கு மேல் கசப்பான கேள்வி ஒன்று உண்டு. 2023 மே 4 அன்று அதே மணிப்பூரில் ஒரு கூட்டம் குக்கி-ஜோ பெண்களின் ஆடையை உருவி ஊர்வலமாக இழுத்துச் சென்றது. ஜூலையில் அதன் வீடியோ வெளிவந்தபோதுதான் நாடு பேசத் தொடங்கியது. இழுத்துச் சென்ற கூட்டம் மெய்தி ஆண்களுடையது. கங்லாவில் நின்ற அன்னையரும் மெய்தி சமூகத்தவர். அந்தப் பன்னிரண்டு பேரை இதற்குப் பொறுப்பாக்குவது அநியாயம். ஆனால் ‘தாய்மார்’ என்ற படிமம் யாருடைய மகள்களை அணைக்கிறது, யாரை வெளியே விடுகிறது என்று கேட்காமல் இனி அதைக் கொண்டாட முடியாது.

இந்தக் கேள்வி நாடகத்துக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மகாசுவேதாவின் தோப்தி சந்தால் பெண். அவளுடைய நிலமின்மை, கூலி, பேச்சு, எசமானி வைத்த பெயர் எல்லாம் சேர்ந்துதான் அவள். இம்பால் மேடையில் அவள் மணிப்பூர் மண்ணின் மகளானாள், பிறகு மணிப்பூரின் தாயானாள். அரசின் துப்பாக்கிக்கு எதிராக அந்த மாற்றம் வலிமை தந்தது உண்மை. கூடவே அவள் ‘வேறொருத்தி’ என்பது மறைந்துபோனது. தோப்தியை நம்மவளாக்கிக்கொள்வது எளிது. நம்மவள் அல்லாத ஒரு பெண்ணின் உடலுக்காக நாம் நிற்போமா என்பதுதான் தோப்தி வைக்கும் தேர்வு. சாதிக் கலவரங்களில் யார் பெண்கள் குறிவைக்கப்படுகிறார்கள் என்று அறிந்த தமிழ் வாசகிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆடை களைவதற்குத் தன்னளவில் ஒரே பொருள் என்று எதுவும் கிடையாது. 2004-ல் அது எதிர்ப்பு. 2023-ல் அது வன்முறை. வேறுபாடு முழுவதும் நம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது: முடிவு யாருடையது?

அதே கேள்வியை எதிர்த் திசையிலிருந்து கேட்ட நாடகம் ஒன்று உண்டு. 2013 வாக்கில் தில்லியைச் சேர்ந்த மல்லிகா தனேஜா உருவாக்கிய ‘தோடா த்யான் ஸே’. ‘கொஞ்சம் ஜாக்கிரதை’ என்று சொல்லலாம். தொடக்கத்தில் அவர் ஆடையின்றிப் பார்வையாளர்களை அமைதியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பிறகு உடுக்க ஆரம்பிக்கிறார். ஒன்றன் மேல் ஒன்று, அதன் மேல் இன்னொன்று. உடுத்தியபடியே பெண்கள் எப்படிப் பத்திரமாக இருக்க வேண்டும் என்று நாம் பிறந்ததிலிருந்து கேட்ட அறிவுரைகளைப் பேசிக்கொண்டு போகிறார். முடிவில் துணிமூட்டை ஒன்று தலையில் ஹெல்மெட்டோடு நிற்கிறது. அரங்கம் சிரிக்கிறது. சிரிப்பு தொண்டையில் நிற்கும் இடத்தில் நாடகம் முடிகிறது. இங்கே வன்முறையாளன் மேடைக்கே வரவில்லை. அவன் பெயரால் நம்மைப் பொதிந்து கட்டும் அன்பான குரல்கள்தாம் வருகின்றன. கவனிக்க வேண்டியது, அக்குரல்களில் பாதி அம்மாக்களுடையவை.

2012 டிசம்பரில் தில்லிப் பேருந்தில் நடந்த கூட்டு வல்லுறவுக்குப் பின் மாயா கிருஷ்ண ராவ் நிகழ்த்திய ‘வாக்’ இன்னும் ஒரு படி போனது. நள்ளிரவில் நடக்க ஆசைப்படும் பெண்ணின் தனிக்குரல் அது. 1979-ஐ ஒட்டி வரதட்சணைக் கொலைகளுக்கு எதிராகத் தில்லித் தெருக்களில் நடந்த ‘ஓம் ஸ்வாஹா’ நாடகத்திலும் பங்காற்றியவர் அவர். முன்பு பெண்ணைக் கொல்லாதே என்று தெருவில் நின்று கேட்ட அரங்கு, முப்பது ஆண்டுகளில் எனக்கு இரவில் காலாற நடக்க வேண்டும் என்று கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறது. உடலின் உரிமை என்றால் அடிபடாமல் இருப்பது மட்டும் என்று நாம் சுருக்கிவிடக் கூடாது. ஆசைப்பட்ட இடத்துக்குப் போவதும், வேண்டும் என்பதும், வேண்டாம் என்பதும் அதில் சேர்த்தி.

இத்தகைய படைப்புகள் ஏன் தடுக்கப்படுகின்றன என்பதும் நமக்கு ஒரு பாடம். மகாசுவேதா தேவி மறைந்த 2016-ல் ஹரியானா மத்தியப் பல்கலைக்கழகத்தில் அவர் நினைவாக ‘திரௌபதி’ போடப்பட்டபோது, இராணுவத்தை இழிவுபடுத்துவதாகப் போராட்டம் நடந்தது. ஆசிரியர்கள் விசாரணைக்கு உள்ளானார்கள். 2021-ல் தில்லிப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து அதே கதை நீக்கப்பட்டது. அதோடு சேர்ந்து நீக்கப்பட்ட மற்ற இருவர் நம்மவர்கள்: பாமாவும் சுகிர்தராணியும். ஒரு சந்தால் பாத்திரமும் இரண்டு தலித் எழுத்தாளர்களும் ஒரே வரியில் அடிக்கப்பட்டதைத் தற்செயல் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. தன் உடம்பைப் பற்றித் தானே பேசும் பெண், அதிலும் அடித்தட்டுச் சாதிப் பெண், பாடப்புத்தகத்தில் உட்கார்ந்திருப்பதுகூட அதிகாரத்துக்கு உறுத்துகிறது.

இனி நம் கல்லூரி மேடைகளுக்கு வருவோம். மகளிர் தினம் வந்தால் பெண் வன்கொடுமை பற்றி ஒரு மைம் இருக்கும். கறுப்பு உடையில் நான்கு பேர் ஒரு பெண்ணைச் சூழ்வார்கள், சிவப்பு விளக்கு எரியும், அலறல் கேட்கும். கடைசியில் சூலத்தோடு காளி வருவாள், கைதட்டல் எழும். நல்லெண்ணத்தோடு செய்யப்படும் இந்நிகழ்வுகளைக் கேலி செய்ய வேண்டியதில்லை. அதன் கட்டமைப்பை மட்டும் பார்த்தால் போதும். பெண்ணுக்கு அலறல் ஒன்றுதான் வசனம். பார்க்கப்படுவது அவள் துடிப்பு. காப்பாற்ற வருவது சாமி. துகிலுரிதல் இரவின் கண்ணன்தான் இங்கே காளி வேடம் கட்டி வருகிறான். கூத்தாடி மன்னிப்புக் கேட்ட கற்பூரம்கூட இதில் இல்லை.

அடுத்த மகளிர் தினத்துக்கு ஒத்திகை பார்க்கும் மாணவிகள் அந்த நான்கு பேரை மேடையிலிருந்து இறக்கிவிட்டுப் பார்க்கலாம். சிவப்பு விளக்கை அணைத்துவிட்டு, அவளுக்கு ஒரு முழு வாக்கியம் கொடுக்கலாம். பேருந்தில் நேற்று நடந்ததற்கு இன்று அவள் என்ன செய்ய முடிவெடுக்கிறாள் என்பதிலிருந்து நாடகத்தைத் தொடங்கலாம். அந்தப் பெண் எந்தத் தெருவைச் சேர்ந்தவள், அவள் நம் தெருப் பெண்ணாக இல்லாவிட்டாலும் இந்த நாடகத்தைப் போடுவோமா என்றும் ஒத்திகையின்போதே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளலாம். காளிக்கு அன்று விடுப்பு கொடுத்துவிடலாம்.